லாட்ஜ் ரிசப்ஷனில் வைத்துப் படித்த நீலப் புத்தகம்

மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ஆறு வருடமாக ரிசப்ஷனில் இருக்கிறேன். வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மெயில் எழுதுவதும் என் வேலைதான். "யுவர் லக்கேஜஸ் ஆர் சேஃப்" என்றுதான் இத்தனை நாளும் எழுதிவந்தேன். ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' என்ற நீல அட்டை ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் 70-வது பாடத்தைப் படித்த இரவில்தான் அது தப்பு, லக்கேஜுக்கு எஸ் சேராது என்று தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் நவுன், அதாவது பெயர்ச்சொல், ஐந்து வகை என்று மனப்பாடம் செய்தவன் நான். பிராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், ஆப்ஸ்ட்ராக்ட். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் லக்கேஜ் இதில் எந்த வகை என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? மெயில் எழுதும்போது எஸ் போடலாமா கூடாதா என்பதுதான் என் கவலை. அதற்கு எண்ணக்கூடிய பெயர், எண்ண முடியாத பெயர் என்ற பிரிவுதான் வேண்டும். இந்தப் புத்தகம் நவுன் பகுதியை நேராக அங்கிருந்தே ஆரம்பிக்கிறது. 69, 70, 71 மூன்று பாடங்களும் அதற்குத்தான்.

நாம் ஏன் இதில் இடறுகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். தமிழில் "நாலு பெட்டி, ரெண்டு சாவி" என்போம், 'கள்' தேவையே இல்லை. ஆனால் தகவல்கள், அறிவுரைகள் என்று தாராளமாகப் பன்மை வைப்போம். ஆங்கிலத்தில் இரண்டுமே தலைகீழ். பெட்டிக்கும் சாவிக்கும் எஸ் கட்டாயம்; இன்ஃபர்மேஷனுக்கும் அட்வைஸுக்கும் கூடவே கூடாது. ஒன்றே ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'. ஃபர்னிச்சரும் அப்படித்தான். நியூஸ் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை. போலீஸ் எஸ் சேராமலே பன்மை, 'தி போலீஸ் ஆர்' என்று வரும். இது 79-வது பாடத்தில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும் இடம். 'எ ரூம்' என்றால் நான் தினமும் சாவி கொடுக்கும் அறை. 'எ' இல்லாமல் வெறும் 'ரூம்' என்றால் இடம். "தேர் இஸ் நோ ரூம் இன் தி கார்" என்றால் காரில் இடமில்லை. ஹேர் என்றால் தலைமுடி மொத்தமும், 'எ ஹேர்' என்றால் சாம்பாரில் கிடக்கும் ஒற்றை முடி. என் வேலையில் இந்த இரண்டு சொல்லுமே நிறைய அடிபடும்!

இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. இரவு ஷிஃப்டில் இரண்டு செக்-இன் நடுவே ஒரு பாடம் முடிந்துவிடும். மொத்தம் 145 பாடம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, தேவையானதை எடுத்துக்கொள்ளலாம்.

குறை என்றால், முழுக்க ஆங்கிலம்தான். ஓரளவு வாசிக்கத் தெரியாவிட்டால் கஷ்டம், அப்படிப்பட்டவர்கள் இதே ஆசிரியரின் 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்' என்ற சிவப்பு அட்டைப் புத்தகத்தில் தொடங்கலாம். அப்புறம், பிள்ளையின் பரீட்சைக்காக அந்த ஐந்து வகையைத் தேடுகிறீர்கள் என்றால் இது வேண்டாம். நம் ஊர் கிராமர் புத்தகமே போதும்.

வாங்கும்போது விடைகள் உள்ள பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள், விடை இல்லாமலும் விற்கிறார்கள். 2019-இல் வந்தது ஐந்தாம் பதிப்பு. என்னுடையது பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பென்சிலில் விடை எழுதியிருந்தார். நவுன் பாடங்களில் இருந்த விடைகளை மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரப்பர் வைத்து அழித்துவிட்டுத்தான் படிக்க ஆரம்பித்தேன்.