சைக்கிள் ஹெட்செட் ஆட்டத்தைச் சரிசெய்ய ஒரு ஆலன் கீ செட் போதும்

புதிதாக மவுண்டன் பைக் வாங்கியவர்களுக்கு இந்த ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) செட்டைத் தைரியமாகச் சொல்வேன். என் பைக்கில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹெட்செட்டில், அதாவது ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் திரும்ப உதவும் பேரிங் பகுதியில், டொக் டொக்கென்று ஆடியது, ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) மேலே சேரும் இடத்தில் விரல் வைத்தால் அந்த இடைவெளி நன்றாகவே தெரிந்தது. ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்தாமல் அதன் மேல்மூடி போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை, இதைத்தான் யாரும் முதலில் சொல்வதில்லை. தளர்த்திய அப்புறம் மேல்மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆட்டம் நிற்கும் வரை மட்டும் திருப்ப வேண்டும், ஹேண்டில்பார் தடையில்லாமல் திரும்பணும். ஸ்டெம்மை முன்சக்கரத்துக்கு நேராக வைத்துப் பக்க போல்ட்களை மாற்றி மாற்றி இறுக்கினால் வேலை முடிந்தது. 4, 5 மி.மீ. கீகள் போல்ட்டுக்குள் கச்சிதமாக உட்காருகின்றன, வழுக்கவே இல்லை. கார்பன் ஸ்டெம் என்றால் டார்க் ரெஞ்சும் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ரெஞ்ச்) சேர்த்து வாங்கிவிடுங்கள்.