இருபது சென்ட் நிலத்தை எந்த வரைபடம் சரியாகக் காட்டுகிறது?

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் சித்தப்பாவுக்கு இருபது சென்ட் மானாவாரி நிலம் இருக்கிறது. ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுவார். நடுநடுவே துவரை வரிசை, வரப்போரம் ஆமணக்கு. இந்தத் துண்டு நிலம் உலகப் பயிர் வரைபடங்களில் எப்படித் தெரிகிறது என்று பார்த்து, ஊரின் பயிர்க் கணக்கான அடங்கலோடு ஒப்பிட்டேன்.

முதலில் ‘ஸ்பாம்’. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் தயாரிப்பது. வேலூரை உள்ளடக்கிய அன்றைய வடஆற்காட்டுக்கு அந்நியமான நிறுவனமும் அல்ல. 1980-களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, புதிய நெல் ரகங்களின் விளைவை அறிய இங்குள்ள ஊர்களில் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தது. ஸ்பாமின் 2010-ஆம் ஆண்டு வரைபடத்தில் 42 பயிர் வகைகள். நிலக்கடலைக்குத் தனி இடம் உண்டு. ஆனால் ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீட்டர் நீள அகலம், ஏறத்தாழ 25,000 ஏக்கர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கோ தனிப் பெயரே இல்லை. எல்லாக் காயும் ‘காய்கறி’ என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறது.

அடுத்தது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ‘வேர்ல்டுகவர்’. 2020, 2021 ஆண்டுகளுக்கானது. பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் சித்தப்பாவின் நிலத்துக்கு எட்டுப் புள்ளிகள் கிடைக்கின்றன. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் புள்ளி ஒன்றே இந்த நிலத்தைவிடப் பெரிது! ஆனால் வேர்ல்டுகவர் பயிர்நிலம் என்பதோடு நின்றுவிடுகிறது. என்ன பயிர் என்று சொல்வதில்லை. ஆண்டுப் பயிரை மட்டுமே பயிர்நிலமாக எடுப்பதால், குடியாத்தம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அதன் கணக்கில் வெறும் மரங்கள். அதே நிறுவனத்தின் ‘வேர்ல்டுசீரியல்’ பயிரைப் பிரித்துக் காட்டுகிறது; 2021 வரைபடத்தில் மக்காச்சோளமும் கோதுமை, பார்லி வகைகளும் உண்டு, நெல்லும் கடலையும் இல்லை.

மூன்றாவது, கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல். புல எண், பயிர், பரப்பு, பாசனம் எல்லாம் அதில் உண்டு. நேரில் போய் எழுதினால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒரு வருடம் மல்லாட்டை நின்ற நிலத்துக்கு நெல் என்று எழுதியிருந்தது. திருத்தி வாங்க சித்தப்பா மூன்று முறை அலைந்தார். பயிர்க் கடனுக்கு அந்தத் தாள்தானே வேண்டும்.

அந்தப் பிழை ஊரோடு நிற்பதும் இல்லை. ஸ்பாம் வானத்திலிருந்து பயிரைப் பார்த்து எழுதுவதல்ல. மாவட்டப் புள்ளிவிவரங்களை வாங்கிக் கட்டங்களுக்குப் பங்கிடுகிறது. நம் மாவட்டப் புள்ளிவிவரத்தின் அடி எங்கே? அடங்கலில். ஆகவே இந்த இரண்டும் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. நாடுகளை ஒப்பிட ஸ்பாம் போதும். ஒரு தாலுகாவுக்குத் திட்டமிட அதை நம்பக்கூடாது என்பேன்.

அடங்கலைச் சரிபார்க்கச் செயற்கைக்கோளே தக்க துணை. சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்கிறது. ஐப்பசி மேகத்தில் அதற்குக் கண் தெரியாதபோது சென்டினல்-1-இன் ரேடார் இருக்கிறது: நீர் கட்டிய நாற்று நட்ட வயல் அதில் கறுப்பாக விழும், பயிர் வளர வளர வெளுக்கும். நெல்லா கடலையா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

துவரை விஷயம்தான் கடினம். ஆவணியில் வருபவருக்குக் கடலை தெரியும். மார்கழியில் வருபவருக்குக் கடலை பிடுங்கிய மண்ணில் துவரை மட்டும் தெரியும். இரண்டையும் எழுத, ஒரே பட்டத்தில் இரண்டு முறை யாராவது அந்த வரப்பில் ஏறி நிற்க வேண்டும்.