1,850 ரூபாய் கேசட் கன்வெர்ட்டர்: ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு மணி நேரம்

ஜனவரி 5, திங்கட்கிழமை. நெல்லை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கி, வீட்டில் துணிப்பையைப் போட்டுவிட்டு, ஒரு குளியல் போட்டு, ஒன்பதரைக்குக் கிண்டி ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். தோள்பையில் மூன்று பொருள். அம்மா சுட்ட அச்சுமுறுக்கு ஒரு டப்பா (பாதி ரயிலிலேயே நொறுங்கிவிட்டது), 23 கேசட் அடுக்கிய பழைய பிஸ்கட் டின் ஒன்று, அப்புறம் கேசட் பாட்டைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றும் இந்தக் கன்வெர்ட்டர். முறுக்கு பதினொரு மணிக்குள் தீர்ந்தது. மீதி இரண்டையும் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் சேர்ப்பது கிறிஸ்துமஸ் பாட்டு. ஆனால் டிசம்பர் பிறந்தால் துணிக்கடையிலும் மாலிலும் ஓயாமல் ஓடுகிற அந்த ஏழெட்டுப் பாட்டு இல்லை. யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் டேப் ரெக்கார்டரை வைத்து, சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்த பாட்டு. வெளிநாட்டிலும் இந்தக் கிறுக்கு உண்டு. 1963 முதல் 1969 வரை பீட்டில்ஸ் தங்கள் ரசிகர் மன்றத்துக்கு மட்டும் வருஷாவருஷம் அனுப்பிய கிறிஸ்துமஸ் இசைத்தட்டுகளுக்காக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நாய் குரைப்பை வெட்டி ஒட்டி ‘ஜிங்கிள் பெல்ஸ்’ ஆக்கிய 1955ஆம் வருஷத்துத் தட்டு இருக்கிறது. 1965 டிசம்பர் 16 அன்று ஜெமினி 6 விண்கலத்தில் இருந்தபடி வாலி ஷிரா மவுத் ஆர்கனில் வாசித்ததும் அதே பாட்டுதான். ஆனால் இதெல்லாம் இப்போது போனை எடுத்துத் தேடினால் ஒரு நிமிஷத்தில் காதுக்கு வந்துவிடும். எங்கள் ஊர்ப் பரணில் கிடப்பது அப்படி வராது. ஏணி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரக் கோயிலுக்கு (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. லீவில் ஊருக்குப் போனால் சித்தப்பா, பெரியப்பா வீடுகள், பக்கத்து ஊர்ச் சொந்தங்கள் என்று பலகாரத் தட்டோடு போவேன், வரும்போது “பழைய கேசட் ஏதும் கெடக்கா மைனி?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். இந்த முறை கிடைத்ததில் ஒரு வில்லுப்பாட்டு இருக்கிறது. இயேசு பிறந்த கதை. குடமும் உடுக்கையும் வில்லுமணியும் அப்படியே, ஏரோது ராஜா வருகிற இடத்தில் பாட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு கோயில் பிரதிஷ்டையில் நாகஸ்வரம் தவிலோடு கீர்த்தனை வாசித்த கேசட் ஒன்று. கேசியோ கீபோர்டு புதிதாக வந்த காலத்தில், அதில் இருக்கும் ரிதம் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, கடைசியில் போசா நோவாவைப் போட்டுவிட்டு அதன்மேல் பாமாலை பாடிய வாலிபர் கூட்டம் ஒன்று. பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். நான் எத்தனை தரம் கேட்டேன் என்று கணக்கில்லை.

(இதில் சேராத இன்னொன்றும் என்னிடம் உண்டு. சீரியல் லைட்டோடு வரும் சின்ன டப்பாவுக்குள் இருந்து கீச் கீச்சென்று பாடுமே, அந்தச் சத்தம். ஒன்பது டப்பா வைத்திருக்கிறேன். ஒன்று இரண்டாவது வரியில் ஒரு சுரத்தை எப்போதும் தப்பாகவே வாசிக்கும். வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதில்லை.)

இனி சாமானுக்கு வருகிறேன். நவம்பரில் ஆன்லைனில் வாங்கினேன். பெயர் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே அச்சில் வார்த்ததை நாலைந்து பெயரில் விற்கிறார்கள். பார்க்கப் பழைய வாக்மேன் மாதிரி. கையில் எடுத்தால் காலி சோப்பு டப்பா கனம்தான். இரண்டு பென்சில் செல் போடலாம், அல்லது யுஎஸ்பி வயரில் கரண்ட் கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் செருகி ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் பதியலாம். கம்ப்யூட்டரே இல்லாமல் நேராகப் பென் டிரைவிலும் பதியலாம். பெட்டிக்குள் ஒரு சிடியும் வைத்திருந்தார்கள். அதைப் போட எங்கள் வீட்டில் எந்த மெஷினிலும் வாய் இல்லை.

முதல் நாளே ஏமாற்றம். தெரிந்த குரல் எல்லாம் கொஞ்சம் சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது. சிடியிலும் கேசட்டிலும் என்னிடம் இருக்கிற ஒரு பாட்டை எடுத்து ஓடவிட்டேன். சிடியில் 4 நிமிஷம் 10 விநாடி. இதில் 4 நிமிஷம் 2 விநாடியில் முடிந்துவிட்டது. மூன்று சதவீதத்துக்கு மேல் வேகம். கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பிலிப்ஸ் 1963இல் கேசட்டைக் கொண்டுவந்த காலத்து அளவு இது. மூன்று சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய கால் கட்டை ஏறிவிடும். ஆர்மோனியத்தோடு சேர்ந்து பாடிப் பார்த்தால் பல் கூசும்.

திருப்பி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டாரின் முதுகில் ஒரு பொட்டுத் துளை. வாட்ச் ரிப்பேர்க்காரர் வைத்திருப்பாரே, அந்த அளவு ஸ்க்ரூ டிரைவரை அதற்குள் விட்டு ஒரு மயிரிழை திருப்பினால் வேகம் குறைகிறது. கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டால் பாடகர் தூங்கி விழுவார். ஒரு மணி நேரம் போராடி 4 நிமிஷம் 9 விநாடிக்குக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

அடுத்தது ஹெட், அதாவது நாடாவில் இருக்கும் சத்தத்தைப் படிக்கிற பாகம். அதன் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு குட்டித் திருகு இருக்கிறது. நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கம்பெனியில் இருந்து வரும்போதே கோணலாக இருந்தது. அதனால்தான் பாட்டெல்லாம் போர்வைக்குள் இருந்து பாடியது மாதிரி கேட்டது. பாட்டை ஓடவிட்டு, ‘ச’, ‘ஸ’ சத்தம் எங்கே கூர்மையாக வருகிறதோ அதுவரை திருகினால் போதும். இதில் இன்னொரு சங்கதி: ஆட்டோ ரிவர்ஸ் இருக்கிறது என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். மறுதிசையில் ஓடும்போது ஹெட்டின் கோணம் மாறி, மறுபடி போர்வை. கையால் எடுத்துத் திருப்பிப் போடுவதே நல்லது.

சார்ஜரில் போட்டுப் பதிந்தால் ஒரு ‘ம்ம்ம்’ கூடவே வருகிறது. பவர் பேங்கில் போட்டால் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கேசட் செலவாயிற்று. உங்களுக்கு இலவசம்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் பையில் போட்டு ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கேசட்டை அவசரமாக நகல் எடுக்க இந்த மெஷினில் வழியே இல்லை. 60 நிமிஷக் கேசட் என்றால் 60 நிமிஷம். லீவில் அந்த நேரம் யாருக்கு இருக்கிறது? ஊரில் கன்வெர்ட்டரைப் போட்டு உட்கார்ந்தால், “மெட்ராஸ்ல இருந்து வந்துட்டு பெட்டியோட பேசிட்டு இருக்கான்” என்று அம்மா சொல்லுவாள். ஆனால் வேலைக்குத் திரும்பின முதல் வாரம் அப்படி இல்லை. நான் கணக்குப் பிரிவு. டிசம்பர் மாத ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு (ஜிஎஸ்டிஆர்-1) ஜனவரி 11க்குள் போக வேண்டும். 20ஆம் தேதி அதன் சுருக்கக் கணக்கு (3பி). பில்லையும் எக்செலையும் ஒப்பிட்டுப் பார்க்க கண் வேண்டும், கை வேண்டும். காது சும்மாதான் கிடக்கும்.

ஆபீஸ் லேப்டாப்பில் யுஎஸ்பி எல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் பென் டிரைவ் வசதிதான் கைகொடுத்தது. மேசை இழுப்பறையைப் பாதி திறந்து, உள்ளே பவர் பேங்க், அதன்மேல் கன்வெர்ட்டர், காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன். 128 கேபிபிஎஸ் எம்பி3ஆகத்தான் பதியும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி. பெரிய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். திண்ணையில் வைத்த ஒற்றை மைக்கில் பிடித்ததற்கு இது தாராளம். ரொம்ப அருமையான கேசட் என்றால் மட்டும் வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டு, சுருக்காத வேவ் ஃபைலாக எடுக்கிறேன். அது ஒரு நிமிஷத்துக்குப் பத்து எம்பி தின்னும்.

முதல் நாள் காலையில் இருநூற்றுச் சொச்சம் மெயில் திறக்காமல் கிடந்தது. லீவு முடிந்து வருகிறவனுக்கு வயிற்றைப் பிசையும் காட்சி. டின்னைத் திறந்து கைக்கு வந்த முதல் கேசட்டைப் போட்டேன். மேலே பால்பாயின்ட் பேனாவில் ‘கேரல் ரவுண்ட்ஸ் 89’ என்று மட்டும் எழுதியிருந்தது. ராத்திரி வீடு வீடாகப் போகிறார்கள். நாய் குரைக்கிறது. கதவு தட்டும் சத்தம். உள்ளிருந்து ஒரு பெரியவர், “யாருல அது?” என்கிறார். “கோயில்ல இருந்து வந்திருக்கோம் தாத்தா.” ட்ரையாங்கிள் ‘டிங்’ என்று விழ, பாட்டு ஆரம்பம். ஒவ்வொரு வீட்டிலும் அதே நாலு பாட்டு; போகப்போகத் தொண்டை கட்டிக்கொண்டே வருகிறது. பி பக்கத்தில் பாட்டு முடிந்த பிறகும் யாரோ பதிவை நிறுத்த மறந்திருக்கிறார்கள். உண்டியலைக் கவிழ்க்கும் சத்தம். ஒரு பையன் எண்ணுகிறான்: “அஞ்சு… ஏழு… பன்னெண்டு…” இன்னொருவன் குறுக்கே, “ஏல, இந்தப் பத்து பைசாவ போட்டது எந்த வீடு?” ஒரு சண்டை. அப்புறம் மூன்றாவது குரல், “ராஜா, அது நம்ம வாத்தியார் வீடுதான், வெளிய சொல்லாத.” பக்கத்து சீட் சண்முகம் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். ஜனவரி 5 காலையில், இருநூறு மெயிலுக்கு முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரிக்கிறவனை யாரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். இயர்போனின் இன்னொரு பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். பத்து நிமிஷம் கழித்து, “மொத்தம் எவ்வளவு தேறிச்சு?” என்றார். நாடா அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

இந்த மெஷினில் எனக்குப் பிடிக்காதது ஆட்டோ ஸ்பிளிட் என்கிற புத்திசாலித்தனம். சத்தம் கொஞ்சம் நின்றால் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துப் புது ஃபைல் தொடங்கிவிடும். மேலே சொன்ன கேரல் கேசட் 41 துண்டாக வந்தது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஃபைல். பெத்லகேம் குறவஞ்சியில் இருந்து சில பகுதிகளை ஒரு பாட்டி பாடிய கேசட் இன்னும் மோசம். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் எழுதிய குறவஞ்சி அது. குறத்தி குறி சொல்லும் பாட்டு மரபை எடுத்து இயேசுவைப் பாடியிருப்பார். பாட்டி ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சு வாங்கி, வெற்றிலையை ஒதுக்கி, அடுத்த அடியை ஞாபகப்படுத்திப் பாடுகிறாள். மெஷின் அந்த மூச்சில் எல்லாம் வெட்டிவிட்டது. ஆட்டோ ஸ்பிளிட்டை அணைக்க, ரெக்கார்ட் பொத்தானைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கையேட்டில் இது எழுதவில்லை.

வாங்கலாமா? கெட்டுப்போகாத கேசட், ஒரு நல்ல பழைய டேப் டெக், கம்ப்யூட்டரில் லைன்-இன் (வெளிச் சத்தத்தை உள்ளே வாங்கும் துளை) எல்லாம் உங்களிடம் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். அதெல்லாம் இல்லாமல், என்னை மாதிரி மேசை இழுப்பறைக்குள் வேலையை முடிக்கிறவர் என்றால் வாங்குங்கள். ஆனால் ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்து வாங்குங்கள். 90 நிமிஷக் கேசட்டின் நாடா 60 நிமிஷத்ததைவிட மெல்லியது. இந்த மெஷின் அதில் ஒன்றை மென்று தின்றுவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றி, கசங்கின இடத்தை விரலால் நீவி மீட்டேன். வெள்ளையாகப் பூசணம் படிந்த கேசட்டை நேராக இதில் போடாதீர்கள். முதலில் வேறொரு ஓட்டைப் பிளேயரில் முன்னும் பின்னும் ஓட்டி, மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கிப் பஞ்சில் தொட்டு ஹெட்டைத் துடைத்த பிறகு போடலாம். அஞ்சுக்கு மூன்று நட்சத்திரம். பென் டிரைவில் பதியும் வசதி இல்லை என்றால் ஒன்றரைதான்.

23இல் 14 முடிந்தது. இரண்டு கேசட்டில் ஒன்றுமே இல்லை, மேலே கட்சிக் கூட்டத்தைப் பதிந்து அழித்திருக்கிறார்கள். இன்னும் ஏழு இருக்கிறது. நாளை போகி. பரணைச் சுத்தம் பண்ணும்போது பெயர் தெரியாத கேசட் ஏதாவது கண்ணில் பட்டால் குப்பையில் போடாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள். எந்த மதத்துப் பாட்டானாலும் சரி, வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இழுப்பறையில் ‘டக்’ என்றது. நாகஸ்வரக் கேசட், ஏ பக்கம் முடிந்தது. திருப்பிப் போட வேண்டும்.