14567 முதியோர் உதவி எண்: வேலூர்ப் பக்கம் எவ்வளவு பயன்படும்?

கட்டணமில்லாத எண். வாரம் ஏழு நாளும் காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். தகவல், சட்ட ஆலோசனை, மனம் விட்டுப் பேச ஒரு ஆள், தெருவில் விடப்பட்டவரை மீட்பது ஆகியவற்றுக்கு நம்பிக் கூப்பிடலாம். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டால் கிடைக்காது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் நேரே 108தான்.

பேசத் தொடங்கியதும் தாலுகா பெயரைச் சொல்லிவிடுங்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தும், பழைய ஆதார் அட்டைகளில் 'வேலூர் மாவட்டம்' என்றேதான் இருக்கும். ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் வரும், ஆற்காடு ராணிப்பேட்டையில் வரும். இதைச் சொல்லாமல் விட்டால் மனு தப்பான அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த எண்ணின் உண்மையான பலம் சட்ட வழிகாட்டல்தான். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் 2007-ம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். காட்பாடி, அணைக்கட்டுக்காரர்களுக்கு வேலூர் கோட்டம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பத்துக்குக் குடியாத்தம் கோட்டம். வக்கீல் வைக்காமலே நடத்தலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவாகும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளில் முடிக்க வேண்டும்; சிறப்புக் காரணம் இருந்தால் மேலும் 30 நாள். மனுவில் பழைய மனத்தாங்கல்களை நாலு பக்கம் எழுதிவிட்டு, மகனின் இப்போதைய முகவரியை விட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் திரும்பி வந்துவிடும், வழக்கு அங்கேயே நின்றுவிடும். எல்லாப் பிள்ளைகளின் முகவரி, செல்போன் எண், மாத்திரை, வாடகை, சாப்பாடு என்று மாதச் செலவுக் கணக்கு, வயதுச் சான்று இவை போதும்; மனத்தாங்கலுக்கு அரைப் பக்கம் தாராளம். வீட்டை எழுதிக் கொடுப்பதாக இருந்தால், 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

முதியோர் உதவித்தொகைக்கு இந்த எண்ணில் வழிதான் சொல்வார்கள். விண்ணப்பம் இ-சேவை மையத்தில், முடிவு தாலுகா அலுவலகத்தில்.

குறை என்றால், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு இங்கே ஆறுதல் வார்த்தை கிடைக்கும், கை உதவி கிடைக்காது. அதற்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் பெயரைப் பதியுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சைக்கும் ஆள் வருவார்கள். நர்ஸ் வரும் நாளில், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் விதத்தைச் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். வால் எலும்பிலோ குதிகாலிலோ சிவப்பு தெரிந்து, விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் அன்றே சொல்லி அனுப்புங்கள்.