ரேடார் சைகைத் தரவைப் பெருக்க எந்த வழி நல்லது?

ரேடார் முன்னால் கையை அசைத்தால் அது என்ன சைகை என்று சொல்லும் மாடலை உருவாக்கப் புறப்படுபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது தரவுப் பஞ்சத்தில்தான். பூனைப் படம் இணையத்தில் கோடிக்கணக்கில் கிடைக்கும், ரேடார் பதிவு அப்படிக் கிடைக்காது. கிடைத்தாலும் வேறு சில்லில், வேறு அலைவரிசையில் எடுத்ததாக இருக்கும். நாமே பதிவு செய்யலாம் என்றால், ஒரே சைகையைத் திரும்பத் திரும்பச் செய்பவரின் கை கொஞ்ச நேரத்தில் தளர்ந்து, எல்லாப் பதிவும் ஒரே அச்சில் வார்த்தது போல ஆகிவிடும். அதனால் இருக்கிற பதிவுகளைப் பெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பலரும் முதலில் கை வைப்பது படத்தில். எந்தத் தொலைவில் எந்த வேகத்தில் அசைவு இருக்கிறது என்று காட்டும் தொலைவு-டாப்ளர் படத்தைப் புகைப்படம் போலவே எண்ணிப் புரட்டுவது, சுழற்றுவது, வெட்டுவது. எழுதுவதற்குச் சில வரி நிரல் போதும் என்பதால் இதன் மீது ஆசை வருகிறது. ஆனால் பூனையை இடவலமாகப் புரட்டினாலும் பூனைதான். இங்கே ஓர் அச்சு தொலைவு, இன்னொன்று வேகம் (டாப்ளர்). சுழற்றினால் மீட்டரும் வேகமும் ஒன்றோடொன்று கலந்து அர்த்தமே போய்விடும். கையை ரேடாரை நோக்கித் தள்ளும் சைகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புள்ளி நெருங்கி வரும், டாப்ளரும் நெருங்குவதாகவே காட்டும். டாப்ளர் அச்சை மட்டும் புரட்டினால், கை விலகுகிறது என்று வேகம் சொல்லும், நெருங்குகிறது என்று தொலைவு சொல்லும். எந்தக் கையாலும் செய்ய முடியாத அசைவு அது. கூடவே ஃப்ரேம்களின் வரிசையையும் பின்னிருந்து முன்னாக மாற்றி, லேபிளை ‘தள்ளு’ என்பதிலிருந்து ‘இழு’ என்று திருத்தினால்தான் சரி. அப்போது ஒரு தள்ளலிலிருந்து ஓர் இழுப்பு கூடுதலாகக் கிடைக்கும். படத்தில் செய்யக்கூடியவற்றில் நான் தயங்காமல் சொல்வது, சில ஃப்ரேம்களை மறைப்பதும் சைகை தொடங்கும் நேரத்தை முன்பின் தள்ளுவதும்தான்.

இரண்டாவது வழி, படமாக மாறுவதற்கு முன்பே, மூல சிக்னலில் கை வைப்பது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இங்கே இயற்பியல் நம் பக்கம் இருக்கிறது. அதிர்வெண் சீராக ஏறும் அலைத்துடிப்புகளை (சிர்ப்புகள்) அனுப்பும் எஃப்எம்சிடபிள்யூ ரேடாரில் தொலைவு என்பது ஓர் அதிர்வெண். சிக்னலைத் தகுந்த சிக்கலெண் அலையால் பெருக்கினால் கை 30 செ.மீ. தூரத்திலிருந்து 60 செ.மீ.க்கு நகர்ந்துவிடும். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. திரும்பி வரும் ஆற்றல் தொலைவின் நான்காம் அடுக்கில் குறைவதால், இரட்டிப்புத் தூரத்தில் அது பதினாறில் ஒரு பங்கு ஆகும், அதாவது 12 டெசிபல் குறையும். அப்படிக் குறைக்கும்போது பதிவில் இருந்த இரைச்சலும் சேர்ந்தே குறைந்துவிடும். நிஜத்தில் கருவியின் இரைச்சல் கை எங்கே இருந்தாலும் அதே அளவுதான். அதனால் புது இரைச்சலைச் சேர்த்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பின்னணிச் சுவரும் மேசையும் கையோடு சேர்ந்து நகராமல் இருக்க, அசையாத எதிரொலிப்புகளை முதலில் கழித்துவிட்டு, அப்புறம் ஆளில்லா அறையின் பதிவைக் கூட்டலாம்.

வேகத்தை மாற்றுவதும் இங்கேதான் ஒழுங்காக நடக்கும். படத்தில் காலத்தை மட்டும் பாதியாகச் சுருக்கி வேகத்தை அப்படியே விட்டால், கை பாதித் தூரமே போனதாக ஆகும். அது வேகமான சைகை அல்ல, குட்டையான சைகை. சிர்ப்புகளின் வரிசையை மறுமாதிரி எடுத்தால், அதாவது வேறு இடைவெளியில் மதிப்புகளைத் திரும்பக் கணக்கிட்டால், டாப்ளரும் தானாகவே உயரும். ஒரு கவனம் வேண்டும்: 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மி.மீ. விரல் 1 மி.மீ. அசைந்தாலே சிக்னலின் கட்டம் (அலைச் சுழற்சியில் அது நிற்கும் இடம்) 144 பாகை திரும்பும். இடைமதிப்புகளை அசட்டையாகக் கணக்கிட்டால் இல்லாத அசைவுகள் முளைக்கும். கையை அருகே கொண்டுவருவதும் இந்த வழியில் சரிப்படாது. அருகில் வரும்போது கை ஒற்றைப் புள்ளியாக இருப்பதில்லை, ஒவ்வொரு விரலும் வேறு கோணத்தில் தெரியும்.

மூன்றாவது, சிமுலேஷன். கை மூட்டுகளின் அசைவுப் பதிவையோ வீடியோவையோ எடுத்து, ரேடார் எதைப் பார்த்திருக்கும் என்று கணக்கிடுவது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து 2021-இல் வந்த விட்2டாப்ளர் முழு உடல் அசைவுகளுக்கு இதைச் செய்தது. முந்தைய இரண்டு வழிகளும் தர முடியாத ஒன்றை இது தரும்: புது ஆட்களின் அசைவு. ஆனால் ஒரு விரலின் எதிரொலி இன்னொன்றில் பட்டுத் திரும்புவதும், உள்ளங்கை விரல்களை மறைப்பதும் எளிய சிமுலேட்டரில் வராது. அதனால் முதற்கட்டப் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்தி, கடைசிக் கட்டத்தை உண்மைப் பதிவில் முடிப்பதே நல்லது.

நான்காவது, கற்ற தரவைப் போலவே புதிய படங்களை உருவாக்கும் ஜிஏஎன், டிஃப்யூஷன் போன்ற ஜெனரேடிவ் மாடல்கள். பார்க்க அழகான படங்களைத் தரும். ஆனால் ஐந்து பேரின் பதிவில் கற்ற மாடலுக்கு ஆறாவது ஆளின் கை எப்படித் தெரியும்? தரவு குறைவு என்பதற்காகத்தான் இதைத் தேடி வருகிறோம், இதற்கோ தரவு நிறைய வேண்டும். பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் உள்ள வேகத்தை ஃப்ரேம் நேரத்தால் பெருக்கிக் கூட்டினால், கை எவ்வளவு நகர்ந்தது என்று வரும். அது தொலைவு அச்சில் தெரியும் நகர்வோடு ஒத்துப்போக வேண்டும். சிர்ப்பு 4 கிகாஹெர்ட்ஸ் பட்டையகலத்தில் ஏறினால் தொலைவு அச்சில் ஒரு படி 3.75 செ.மீ., எனவே 20 செ.மீ. தள்ளல் ஐந்து படிகளைக் கடக்க வேண்டும். ஒத்துப்போகாத படங்களைத் தூக்கி எறியலாம்.

மூல சிக்னல் கையில் இருந்தால் நான் இரண்டாவது வழியில் தொடங்குவேன், அசைவுப் பதிவும் கிடைத்தால் மூன்றாவதைச் சேர்ப்பேன். படங்கள் மட்டுமே சேமிக்கப்பட்டிருந்தால் முதல் வழியின் பாதுகாப்பான பகுதியோடு நிறுத்திக்கொள்வேன். எந்த வழியானாலும் ஆட்களை முதலில் பிரித்துவிட்டு, பயிற்சிப் பக்கத்தை மட்டுமே பெருக்க வேண்டும். பெருக்கியபின் பிரித்தால் ஒரே அசைவின் ஒரு நகல் பயிற்சியிலும் இன்னொன்று சோதனையிலும் போய் உட்கார்ந்துவிடும். மாடல் முன்பின் பார்க்காத கையை அறிகிறதா என்பதை அந்த மதிப்பெண் சொல்லவே சொல்லாது.