ஒன்றியப் பள்ளியா, எய்டட் பள்ளியா, வேன் பள்ளியா? ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன் ஓர் அலசல்

கும்பகோணம், பாபநாசம் பக்கத்துக் கிராமங்களில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மூன்று வழிகள் உண்டு. ஊருக்குள்ளேயே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று. எப்போதோ ஒரு திருச்சபையோ ஊர்ப் பெரியவரோ தொடங்கி, இன்று அரசு சம்பளத்தில் நடக்கும் உதவிபெறும் பள்ளி இன்னொன்று. எய்டட் ஸ்கூல் என்றால்தான் ஊரில் தெரியும். மூன்றாவது, காலையில் தெருமுனையில் ஹாரன் அடிக்கும் வேன், அதாவது டவுனில் இருக்கிற நர்சரி பிரைமரி அல்லது மெட்ரிக் பள்ளி.

என் மகளைச் சேர்க்கும் முன் மூன்று வகையிலும் ஒவ்வொரு பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். விசாரிக்க வேண்டியவர்களை விசாரித்தேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: பெயிண்ட், டை, ஸ்மார்ட் டிவி எதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றாம் வகுப்பில் வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை எப்படி வாசிக்கிறது என்று பாருங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை எல்லாப் பள்ளியிலும் இருக்கும். அதன் பின்னால் ஓர் அம்மாவோ ட்யூஷன் அக்காவோ இருப்பார். ஆளில்லாத பிள்ளை வாசித்தால் அது முழுக்க முழுக்கப் பள்ளியின் உழைப்பு.

இதற்குப் பள்ளியில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ‘அசர்’ என்ற பெயரில் 2005 முதல் நாடெங்கும் கிராமங்களில் ஒரு கல்வி ஆய்வு நடக்கிறது. அந்த ஆய்வுக்காரர்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துத்தான் சோதிப்பார்கள். சோதனையும் எளிமையானது. முதலில் எழுத்து, அப்புறம் சொல், பிறகு ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, கடைசியாக இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. கணக்கில் கடன் வாங்கிக் கழிக்க வேண்டும், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வேண்டும். சாயங்காலம் தெருவில் விளையாடும் பிள்ளைகளிடம் நாமே இதைச் செய்யலாம். ஒரு பள்ளிக்கு ஐந்தாறு பிள்ளைகளையாவது கேட்க வேண்டும், ஒருவரை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

எங்கள் தெருவில் கேட்டபோது, வேனில் போகும் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் தன் ஆங்கிலப் பாடத்தை மடமடவென்று ஒப்பித்தாள். நடத்தாத பாடத்தைத் திறந்து கொடுத்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். தமிழில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பின. கெண்டி கேண்டி ஆனது. ஒன்றியப் பள்ளியில் அதே வகுப்புப் படிக்கும் பையனிடம் அவன் பார்த்திராத கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். விரலை வரிக்குக் கீழே வைத்து, “ஒட்…டகச்… சி… ஒட்டகச்சிவிங்கி” என்று மெதுவாகக் கூட்டி வாசித்து முடித்தான். கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் சரியாகச் சொன்னான். ஆனால் அவனுக்கு ஆங்கிலத்தில் எழுத்துகளும் மூன்றெழுத்துச் சொற்களும்தான் தெரிந்தன. அந்தக் குறை உண்மையானது, அதை மூடி மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

ஒன்றியப் பள்ளி என்றதும் பெற்றோர் பயப்படுவது ஆசிரியர் எண்ணிக்கைக்குத்தான். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர், 91 முதல் 120 வரை நான்கு பேர். கிராமத்துப் பள்ளி பெரும்பாலும் அறுபதைத் தாண்டுவதில்லை. ஆக ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் ஹெச்.எம். “ஒரே ரூம்ல மூணு கிளாஸா?” என்று முகம் சுளிப்பவர்கள் அதிகம்.

எனக்கு அந்தப் பயம் இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. இதில் பிள்ளையின் வயதைப் பார்க்காமல் அதற்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பயிற்சி நூலும் நிலைக்குத் தகுந்தபடிதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை என்றால் அது அரும்பில் உட்காரும், யாரும் அதை விட்டுவிட்டுப் பாடத்தை ஓட்ட முடியாது. கலந்து உட்காரும் வகுப்புக்கு ஏற்ற ஏற்பாடு இது. நல்ல டீச்சர் கையில் கிடைத்தால் வேலை நடக்கிறது. ஆனால் பதிவேற்றும் வேலையும் மதிப்பீடும் சேர்ந்து, கற்பிக்கிற நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உண்மையான ஆபத்து வேறு. இரண்டு பேரில் ஒருவர் வராத நாள் எத்தனை? பயிற்சி, பி.எல்.ஓ. வேலை (வாக்காளர் பட்டியல் வேலை), பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுப்பணி என்று ஒருவர் போய்விட்டால், மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அன்றைக்குப் பாடம் நடக்காது. இதை ஹெச்.எம்.மிடம் கேட்டால் தர்மசங்கடப்படுவார். சத்துணவுக் கூடத்தில் கேட்டால் தெரிந்துவிடும். நான் பார்க்கப் போன ஒரு பள்ளியில், “ரெண்டு டீச்சரும் டெய்லி வர்றாங்களாக்கா?” என்றேன். “பெரிய டீச்சர் வந்துருவாங்க தம்பி. சின்ன டீச்சரை வாரத்துல மூணு நாள் வேற ஊருக்குப் போட்டுடுறாங்க” என்றார். அந்த ஒரு பதிலிலேயே அந்தப் பள்ளி என் பட்டியலை விட்டுப் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பள்ளியில் இருவரும் நிரந்தரமாக வருகிறார்கள். அதனால்தான் மகள் அங்கே படிக்கிறாள்.

நோட்டைத் திறந்து பாருங்கள்

ஹெச்.எம். அனுமதித்தால் இரண்டாம் வகுப்பு நோட்டுகளில் நாலைந்தை வாங்கிப் புரட்டுங்கள். வேன் பள்ளி நோட்டு கண்ணுக்கு அழகாக இருக்கும். நாலுகோட்டில் முத்து முத்தான எழுத்து, அத்தனை நோட்டிலும் ஒரே வாக்கியங்கள், எல்லாவற்றுக்கும் டிக். கரும்பலகையைப் பார்த்து எழுதியது அது. ஒன்றியப் பள்ளி நோட்டு கசங்கியிருக்கும். ‘ழ’வுக்குப் பதில் ‘ல’ இருக்கும். அதன் மேல் சிவப்பு மையில் டீச்சர் வட்டமிட்டிருக்கிறாரா, வட்டத்துக்குக் கீழே பிள்ளை அதைச் சரியாகத் திரும்ப எழுதியிருக்கிறதா என்பதைத்தான் தேட வேண்டும். தப்பு, வட்டம், திருத்தம் மூன்றும் இருக்கும் பக்கம் எந்தப் பள்ளியில் கிடைத்தாலும் அங்கே ஒரு டீச்சர் வேலை செய்கிறார் என்று நம்பலாம். தப்பே இல்லாத நோட்டைக் கண்டால் எனக்குக் கவலைதான் வரும். தப்புகள் திருத்தப்படாமல் டிக் மட்டும் விழுந்திருந்தால் அது அதைவிட மோசம். அப்படி ஒன்றையும் ஓர் அரசுப் பள்ளியில் பார்த்தேன்.

எய்டட் பள்ளியின் பலமும் பலவீனமும் ஒன்றே

எய்டட் பள்ளி ஆசிரியருக்கு மாறுதல் பெரும்பாலும் கிடையாது. அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சரே மகளுக்கும் சொல்லிக் கொடுப்பார். எந்த வீட்டில் என்ன பிரச்சினை, எந்தப் பிள்ளை அறுவடைக் காலத்தில் வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நல்லவர் அமைந்தால் அந்தப் பள்ளியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அக்கறை இல்லாதவர் அமைந்தால், அவரும் ஓய்வுபெறும் வரை அங்கேதான் இருப்பார். காலியிடம் விழுந்தால் நிரப்பி ஒப்புதல் வாங்குவது இழுத்துக்கொண்டே போகும். நிர்வாகம் சொற்பச் சம்பளத்தில் யாரையாவது போட்டு ஓட்டும். ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி: “ஒன்றாம் வகுப்பு டீச்சர் ரெகுலரா, மேனேஜ்மென்ட் போட்டவரா?”

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே வளாகத்தில் இலவசமான எய்டட் தமிழ்வழி ஒரு பக்கமும், கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கிலவழி மறுபக்கமும் நடப்பது சகஜம். எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒன்றியப் பள்ளிக்கும் எய்டட் பள்ளிக்கும் இருந்த வித்தியாசம் போய்விட்டது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற எய்டட் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற எய்டட் பள்ளிகளுக்கும் வந்தது. விடிகாலையில் நடவுக்குப் போகும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பசியோடு உட்காரும் பிள்ளைக்கு எந்த டீச்சராலும் கற்றுக்கொடுக்க முடியாது. வேன் பள்ளியோடு ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேன் பள்ளிக்கு நியாயமாக

வேன் பள்ளியில் மூன்று விஷயங்கள் நன்றாக இருக்கும். வகுப்புக்கு ஒரு டீச்சர் உண்டு. அவரை யாரும் தேர்தல் வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். ஆங்கிலம் காதில் விழும். இந்த மூன்றும் சாதாரண விஷயங்கள் இல்லை. நாள் முழுக்கக் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்க்கும் பெற்றோருக்கு, பிள்ளை மாலை வரை பத்திரமாக இருக்கும் என்பதும் பெரிய காரணம்.

அங்கே என் முதல் கேள்வி: “போன வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்த மிஸ் இந்த வருஷமும் இருக்கிறாரா?” சம்பளம் கட்டுப்படியாகாமல் பாதி வருடத்திலேயே மிஸ் மாறும் பள்ளிகள் நிறைய. இரண்டாவது, அவர் ஆசிரியர் பயிற்சி முடித்தவரா. மூன்றாவது, வீட்டுப்பாடத்தைப் பிள்ளை தானே செய்ய முடியுமா. முடியாது என்றால் பள்ளிக் கட்டணத்தோடு ட்யூஷன் கட்டணமும் சேரும், வேனில் போகும் நேரமும் சேரும். கட்டணத்தை அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு பள்ளிவாரியாகத் தீர்மானிக்கிறது, அதற்கு 2009 முதல் சட்டம் இருக்கிறது. ரசீதில் இருக்கும் தொகை அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இட ஒதுக்கீட்டில் இலவசமாகச் சேர்க்கலாமே என்பார்கள். உண்மைதான், ஆனால் அது எல்.கே.ஜி. வயதிலேயே எடுக்க வேண்டிய முடிவு. ஐந்து வயதில் யோசிக்கத் தொடங்கினால் அநேகமாகக் கதவு மூடியிருக்கும். 2025இல் மத்திய நிதிச் சிக்கலால் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனதையும் நினைவில் வையுங்கள்.

தமிழ்வழியா ஆங்கிலவழியா

ஒன்றியப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறது. சின்னப் பள்ளியில் இரண்டு வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் ஒரே டீச்சரிடம்தான் உட்கார்வார்கள், புத்தகம்தான் மாறும். அப்படியிருக்க விண்ணப்பத்தில் ‘ஆங்கிலவழி’ என்று டிக் செய்வதில் ஓர் இழப்பு இருக்கிறது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வயதில் போடும் டிக் இருபது வருடம் கழித்தும் கணக்கில் வரும். இதைப் பல பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை.

மாறாக, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் ஆகியவை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் பார்க்கின்றன. ‘இப்போது வேன் பள்ளி, ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி’ என்று கணக்குப் போடும் குடும்பங்கள் அதனால்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 20 சதவீதம் போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்தால் சரி.

யார் சொல்வதை நம்பலாம்

மூன்று பள்ளியையும் ஒரே கண்ணால் பார்ப்பவர் ஒருவர் உண்டு. பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர். ஜூன் மாதம் அவர் வகுப்பில் ஒன்றியப் பள்ளி, எய்டட் பள்ளி, வேன் பள்ளி எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் வந்து உட்காரும். எந்தப் பள்ளிப் பிள்ளைக்கு வகுத்தல் தெரிகிறது, எது பெயரை மட்டும் எழுதுகிறது என்று ஒரே வாரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் நான் கேட்ட ஆசிரியர், டவுனில் பேர்போன ஒரு பள்ளியைத் தாண்டி, சுண்ணாம்புகூட அடிக்காத ஓர் எய்டட் பள்ளியை முதலில் சொன்னார். “அங்கேருந்து வர்ற பசங்களுக்கு நான் வாய்ப்பாடு சொல்லித் தரவேண்டியதில்ல சார்.” இணையத்தில் கிடைக்கும் பள்ளித் தகவல் அறிக்கையில் கழிப்பறை, வகுப்பறை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும், பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நேரில் போய்க் குழாயைத் திருகித்தான் பார்க்க வேண்டும்.

என் வரிசை இது. இரண்டு ஆசிரியரும் தினமும் இருக்கும் ஒன்றியப் பள்ளி ஊரிலேயே இருந்தால் அதுதான் முதலில். அங்கே ஒருவர் மாற்றுப்பணியில் போயிருந்தால், ரெகுலர் டீச்சர் உள்ள எய்டட் பள்ளி. இரண்டுமே சரியில்லை, கட்டணம் கடன் வாங்காமல் கட்ட முடியும் என்றால் வேன் பள்ளி. கூடவே வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் தமிழ் வாசிப்பு. ஒன்றியப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதே நேரத்தை ஆங்கிலத்துக்கு ஒதுக்க வேண்டும்.

சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். மாற்றுப்பணி உத்தரவு வந்தால் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்ப முடிவது அவர்களால்தான். இரண்டாம் வகுப்பு முடியும் ஏப்ரலில் பிள்ளையிடம் ஒரு புதுக் கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் டீச்சரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்பு அரையாண்டிலும் அரும்பிலேயே நின்றால் டி.சி. வாங்கிக்கொண்டு பள்ளியை மாற்றத் தயங்காதீர்கள், அது எந்தப் பள்ளியாக இருந்தாலும்.