ஜார்ஜ்டவுனில் ஒரு டோனட் கடை: விலையும் தரமும் சேவையும்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இம்முறை மலேசியாவின் பினாங்கிற்கு வந்திருந்தபோது, குடிநுழைவு முகப்பிலோ வங்கியிலோ எனக்கு மனக்குறை எதுவும் ஏற்படவில்லை. 2023 ஆகஸ்டு முதல் பட்டர்வொர்த்திற்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஓடும் புதிய படகுகளில், கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய பெரிய படகுகளின் அழகு இல்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. ஆனால் அவை நேரத்திற்கு வந்தன, பணியாளர்களும் முதியவர்களைக் கைபிடித்து ஏற்றினார்கள். என்னை ஏமாற்றமடையச் செய்தது நகரத்துப் பேரங்காடி ஒன்றிலுள்ள டோனட் கடை. நாட்டின் பல ஊர்களில் கிளைகள் உள்ள நிறுவனம் அது. எங்கள் அக்காளின் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக, மாலை ஏழு மணியளவில் அங்கே ஒரு டஜன் பெட்டி வாங்கச் சென்றேன்.

கடையில் கூட்டம் இல்லை. முகப்பில் நின்ற பணியாளர்கள் எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையால் திரையைச் சுட்டிக்காட்டி, அதிலே பதிந்துகொள்ளும்படி சொன்னார்கள். எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி, பேரனுக்கு ஒரே ஒரு டோனட் வாங்குவதற்காகப் பத்து ரிங்கிட் தாளை நீட்டியபடி நின்றிருந்தார். அட்டையோ கைப்பேசிக் குறியீடோ இருந்தால்தான் விற்க முடியும் என்று அவரிடம் மலாயில் சொல்லிவிட்டு அவர்கள் மீண்டும் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். அந்த அம்மாளுக்கு வேறு வழி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. நான் என் அட்டையில் அவருக்கும் சேர்த்துச் செலுத்தினேன். வயதானவர்கள் பணத்தாளோடுதான் கடைக்கு வருவார்கள் என்பது பினாங்கில் வணிகம் செய்கிற எவருக்கும் தெரியாத செய்தி அன்று.

இரசீதைப் பார்த்தபோது என் வருத்தம் கூடியது. ஆறு விழுக்காடு சேவை வரி இருந்தது. அது அரசுக்குச் செல்வது, 2018 செப்டம்பரில் விற்பனை, சேவை வரி முறை திரும்பியதிலிருந்து நடைமுறையில் உள்ளது, அதில் எனக்கு வாதம் இல்லை. அதற்கு மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் சேர்த்திருந்தார்கள். இது வரியன்று, கடை தானே விதித்துத் தானே வாங்கிக்கொள்வது. வாடிக்கையாளரே திரையில் பதிந்து, தாமே பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் எந்தச் சேவைக்கு இந்தக் கட்டணம் என்று நான் கேட்டதற்கு, எல்லாக் கிளைகளிலும் அப்படித்தான் என்பதே பதிலாக இருந்தது.

வீட்டிற்குச் சென்று பெட்டியைத் திறந்தோம். ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவை ஏறக்குறைய 180 முதல் 190 பாகை செல்சியஸ் சூட்டில் பொரித்தெடுத்தால், டோனட் எண்ணெயின் மேல் நன்கு மிதந்து, அதன் இடுப்பைச் சுற்றி வெளிர்நிற வளையம் ஒன்று விழும். மாவு சரியாகப் பொங்கியதற்கு அதுவே நல்ல அடையாளம். எங்களுக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த வளையம் இல்லை. சூடு போதாத எண்ணெயில் கிடந்ததால் அவை எண்ணெயைக் குடித்திருந்தன. அடியில் வைத்திருந்த தாள் முழுவதும் நனைந்துவிட்டது. மேலே பூசிய சர்க்கரைப் பாகு நம் ஊர் ஈரக்காற்றில் கசிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கஸ்டர்ட் நிரப்பியவை இன்னும் மோசம். கஸ்டர்டைக் குளிரில் வைக்கவேண்டும் என்பது உண்மைதான், ஆனால் நிரப்பிய டோனட்டையே குளிர்பெட்டியில் வைத்தால், ஆறிய மாவுச்சத்து அந்தக் குளிரில் இன்னும் விரைவாக இறுகி, ரொட்டி காய்ந்ததுபோல் ஆகிவிடும். கேட்கும்போது நிரப்பிக் கொடுப்பதே முறை. ஒரு டோனட்டுக்கு ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிற கடைக்கு அது பெரிய சுமையாக இருக்காது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

இரசீதும் பெட்டியுமாக அன்றிரவே திரும்பச் சென்றேன். முகப்பில் இப்போது ஒரு தமிழ்ப் பெண் இருந்தார், இருபது வயதிருக்கலாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பின், "அக்கா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா சிஸ்டத்துல மாத்திக் கொடுக்க எனக்கு வழியில்ல. மேனேஜர் நாளைக்குத்தான் வருவாங்க" என்றார். எப்போது பொரித்தவை என்று கேட்டேன். காலையில் வந்தவை என்றும், கடை மூடும்வரை அலமாரி நிறைந்தே இருக்கவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை என்றும் தயக்கத்தோடு சொன்னார். அந்தக் கடையில் என்னிடம் மனிதராகப் பேசியவர் அவர் ஒருவரே. அவரிடமோ ஒரு டோனட்டை மாற்றிக் கொடுக்கும் அதிகாரம்கூட இல்லை.

என் குற்றச்சாட்டு அந்தக் கட்டளையின் மீதுதான். காலையில் வந்த சரக்கை இரவுவரை முழு விலைக்கு விற்கவேண்டும், காலியான தட்டு கண்ணில் படக்கூடாது என்று முடிவு செய்தவர்கள், பழைய பண்டம் வாடிக்கையாளர் கைக்குப் போகும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்திருக்கிறார்கள். நம் காலைச் சந்தைகளில் கோயே கெரியா விற்கும் மலாய் மாதர்களைப் பாருங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து மசித்து, மாவோடு பிசைந்து வளையமாகத் தட்டிப் பொரித்து, கொதிக்கும் சீனிப் பாகில் புரட்டி, சீனி வெண்மையாகப் பூத்ததும் எடுத்து வைப்பார்கள். வடிவத்தில் அதுவும் டோனட்தான். விற்றுத் தீர்ந்தால் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாமதமாகப் போகிறவருக்கு ஏமாற்றமே தவிர, காய்ந்த பண்டம் கிடைப்பதில்லை. சேவைக் கட்டணமும் இல்லை. ஆனாலும் அவர்கள் முகம் பார்த்துப் பேசுவார்கள்.

திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று கடை சொல்வதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். அந்த உத்தரவாதத்தைக் கடையின் சொந்த விதிகளால் நீக்கிவிட முடியாது. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களின் தலைமையில் பல்லாண்டுகள் போராடி இத்தகைய உரிமைகளைத் தமிழிலும் நம் மக்களுக்குச் சொல்லி வந்திருக்கிறது. ஒரு பெட்டி டோனட்டுக்காகத் தீர்ப்பாயம்வரை போக நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த உரிமை இருப்பதை முகப்பில் நிற்கும் பிள்ளைக்கு நிறுவனம் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

தலைமையகத்திற்கு விரிவாக எழுதினேன். பொரித்த நேரத்தைத் தட்டில் எழுதி வையுங்கள். மாலையில் மிஞ்சியதை விலை குறைத்து விற்பனை செய்யுங்கள். கெட்ட பண்டத்தை மாற்றித்தரும் அதிகாரத்தை முகப்பில் இருப்பவருக்கே கொடுங்கள். பணத்தாளை வாங்க ஒரு முகப்பையாவது ஒதுக்குங்கள் என்று கேட்டிருந்தேன். என் கருத்துக்கு நன்றி தெரிவித்து, அடுத்த மாதத்திற்குள் பயன்படுத்தவேண்டிய தள்ளுபடிச் சீட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். கேட்டவற்றில் எதற்கும் பதில் இல்லை. அந்தச் சீட்டை நான் பயன்படுத்தப் போவதில்லை. பதில் கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.